பன்னிரண்டு போத்தல், பதினாறு சத்தம்

கிள்ளானில் மின்விசிறிக் காற்றில் வீற்றிருக்கும் என் ஒரே தாய்மாமன் வீரப்பன் அவர்களின் பாதங்களில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயன் வரிசை வீட்டிலிருந்து, மூக்கொழுகும் மருமகன் ஷர்வின் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, விக்கி அக்கா, நான், கோழிகள் அனைவரும் நலம். அங்கே நீங்க, அத்தை, உங்க முழங்கால் மூவரும் நலமா என அறிய ஆவல்.

நிற்க. (முழங்கால் வலித்தால் உட்கார்ந்தே படிக்கலாம்.)

மிக முக்கியமான அறிவிப்பு ஒன்றைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டு அடுப்படியில், பன்னிரண்டு கண்ணாடிப் போத்தல்களின் மூடிகள் உள்ளே இறங்கின. எவ்வளவு இறங்கின என்று கேட்டால், ஒரு கொசு உட்கார்ந்து எழுந்த பள்ளம் அளவுக்கு. அந்தப் பள்ளத்தைப் பார்க்க மூன்று லயன் சனமும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து போனது. தோட்டத்துப் பழைய துரை ரிட்டயர் ஆகிப் போன அன்னைக்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்லையாம்.

இதை ஏன் வாட்ஸ்அப்பில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுறேன்னு கேப்பீங்க. நல்ல காரியத்துச் சேதி மஞ்சள் தடவின காகிதத்துலதான் போகணும்னு அம்மா உத்தரவு. அதோட என் போன் இப்ப அம்மாகிட்ட சிறையில இருக்கு. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தையோட சேவல் கூவுறதைப் பதிவு பண்ணி, அவங்க மத்தியானம் குட்டித் தூக்கம் போடும்போது ஜன்னலோரம் வச்சு ஓட விட்டேன். பாவம், விடிஞ்சிருச்சுன்னு எழுந்து வாசல் கூட்டிட்டாங்க. இந்தச் சின்ன விசயத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனை.

சரி, கதைக்கு வர்றேன். விக்கி அக்காவைப் பொண்ணு பாக்க புவனேஸ் மச்சான் வீட்டுல இருந்து வந்தாங்கல்ல, அன்னைக்கு நீங்க சீக்கிரமே கிளம்பிட்டீங்க. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அம்மா ஒரு தட்டு நிறைய நம்ம கொல்லைத் தக்காளி வெட்டி, மேல சர்க்கரை தூவி வச்சாங்க. சம்பந்தி அம்மா ஒரு துண்டு எடுத்து வாயில போட்டுட்டு, "நல்லா இருக்கே, பிரிஞ்சாங் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வாங்குனதா? இப்பல்லாம் கேமரன்னாலே கடைதானேலா"ன்னு சொன்னாங்க. அவங்க தப்பா ஒண்ணும் சொல்லலை மாமா, சிரிச்ச முகமாத்தான் சொன்னாங்க. அம்மாவும் சிரிச்சாங்க. ஆனா அவங்க வேன் வளைவு தாண்டினதும் அம்மா கொல்லைப் பக்கம் போயி தக்காளிச் செடிங்க முன்னாடி கொஞ்ச நேரம் நின்னாங்க. செடிங்களும் தலைகுனிஞ்சு நின்ன மாதிரிதான் இருந்துச்சு. திரும்பி வந்து ஒரே வார்த்தை: "நிச்சயதார்த்தத்துக்கு அவங்க வீட்டு ஆளுங்க பதினோரு பேரு வர்றாங்க. தாம்பூலப் பையில ஆளுக்கு ஒண்ணு, நம்ம மண்ணுல காய்ச்சது போகணும். கடையில வாங்குனது ஒண்ணும் கூடாது."

நிச்சயதார்த்தம் தை பிறந்த பிறகு. தக்காளிக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? பிளாஸ்டிக் கூரைக்குக் கீழ மொத்தச் செடியும் ஒரே வாரத்துல சிவந்து நின்னுச்சு. மழை வேற. அப்பா ஃபேக்டரியில இருந்து வந்து எட்டிப் பாத்துட்டு, "தை மாசம் வரைக்கும் இதுங்களை எப்படி நிறுத்தி வைக்கிறது, கயித்துல கட்டியா?"ன்னார். அப்பத்தான் அம்மா தக்காளி ஜாம் போடுறதுன்னு முடிவு பண்ணாங்க. இனிப்பாவும் ஆச்சு, நம்ம மண்ணாவும் ஆச்சு. நிச்சயதார்த்தமும் ஜாம் ஜாம்னு நடக்கும்னு நான் சொன்னேன். யாரும் சிரிக்கலை. இந்த வீட்டுல ரசனை கம்மி மாமா.

போத்தல் பொறுப்பை நான் ஏத்துக்கிறேன்னு கையைத் தூக்கினேன். விக்கி அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "இவனை நம்பி காலிப் போத்தலைக்கூடக் கொடுக்க முடியாதும்மா. என் நிச்சயத்துல பூஞ்சை பூத்து, புவனேஸ் அம்மா முகத்துல நான் முழிக்க முடியாமப் போயிடும்"னு சொன்னா. உண்மையைச் சொன்னா அது கொஞ்சம் குத்திருச்சு. அக்கா இந்த வீட்டை விட்டுப் போறதுக்குள்ள ஒரு காரியமாவது உருப்படியா செஞ்சு காட்டணும்னு அன்னைக்கே சபதம் போட்டேன். விளைவு: தற்போது இந்த மலையிலேயே தலைசிறந்த போத்தல் நிபுணர் தங்கள் மருமகன்தான் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நிபுணர் ஆகுற வழியில சில தியாகங்கள் நடந்துச்சு. முதல்ல தீபாவளிக்கு முறுக்கு போட்டு வச்ச சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தலைக் கழுவி எடுத்தேன். நம்ம ஊருல யாரு வீட்டுலதான் அது இல்ல? பாக்க கண்ணாடி மாதிரியே பளபளன்னு இருக்கும். சோதனைக்குக் காய்ச்சுன ஜாமைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன். போத்தல் முதல்ல லேசா இடுப்பை வளைச்சுது, அப்புறம் முட்டி மடங்கிச்சு, கடைசில அடுப்பு மேடையில நமஸ்காரமே பண்ணிருச்சு. அம்மா, "முறுக்குக்கு இருந்தது நம்ம வீட்டுல முறுக்காவே ஆயிருச்சு"ன்னாங்க. இதுக்கு மட்டும் எல்லாரும் சிரிச்சாங்க.

ரெண்டாவது, செல்லம்மா அத்தை பெரிய மனசு பண்ணி (சேவல் விசயம் அப்ப அவங்களுக்குத் தெரியாது) பழைய காப்பித் தூள் போத்தல்கள் நாலு கொடுத்தாங்க. கண்ணாடி. கனம். எனக்கு ஏகப்பட்ட சந்தோசம். காலையில நம்ம அடுப்படி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், எண்ணெய்கூடக் கட்டி தட்டிக் கிடக்கும். அந்தக் குளிர்ல கிடந்த போத்தலுக்குள்ள சூடா ஊத்தினதும் 'டொப்'னு ஒரு சத்தம். தூக்கினேன், மேல்பாதி மட்டும் கையோட வந்துச்சு. அடிப்பாகம் ஜாமோட உக்காந்தே இருந்துச்சு. ரெண்டாவது போத்தலை வெந்நீர்ல போட்டு எடுத்துட்டு ஊத்தினேன், உடையலை, ஆனா மூடியில அவங்க பல வருசமா போட்டு வச்ச இறால் சம்பல் பிளாச்சான் வாசம் குடியிருந்துச்சு. அப்பா ரொட்டியில தடவி ஒரு கடி கடிச்சுட்டு, "இது ஜாமா, கருவாடா?"ன்னு கேட்டார். மூடி சரியில்லன்னா அம்மாவோட மூடும் சரியில்லன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

அப்புறம்தான் அம்மாவும் நானும் பிரிஞ்சாங் டவுனுக்குப் போயி, கேக் சாமான் விக்கிற கடையில போத்தல் பாத்தோம். மாமா, ஒரு சுவர் முழுக்க போத்தல்! இதய வடிவம், ஆறு மூலை, இடுப்பு சிறுத்தது, கம்பி போட்டு இழுத்துப் பூட்டுறது. நான் வாயைப் பொளந்து இடுப்பு சிறுத்ததைத் தூக்கினேன். அம்மா அதுக்குள்ள கையை விட்டுப் பாத்தாங்க, மணிக்கட்டுலயே மாட்டிக்கிச்சு. "இதைத் தேய்ச்சுக் கழுவப் போறது யாரு, உன் பொண்டாட்டியா? கடைசிக் கரண்டி ஜாம் அந்த இடுக்குலயே செத்துப் போகும்"னு சொல்லிட்டு, நேரா நிக்கிற, வாய் அகலமான, கைக்கு அடக்கமான சின்னப் போத்தலா எடுத்தாங்க. பெருசு எடுத்தா திறந்த பிறகு தின்னு முடிக்கிறதுக்குள்ள கெட்டுப் போகுமாம். ஒவ்வொரு வாயையும் விரலால தடவி, சில்லு தெறிச்சிருக்கான்னு பாத்தது நான். மூடிக்கு உள்பக்கம் ரப்பர் மாதிரி ஒரு வளையம் ஒட்டியிருந்துச்சு. அது ஒரு தடவைதான் ஒழுங்கா பிடிக்குமாம், பழைய மூடி உதவாதுன்னு பெட்டிக்குள்ள இருந்த துண்டுக் காகிதத்தைப் படிச்சுச் சொன்னதும் நான்.

அந்தக் காகிதத்துலதான் இன்னொண்ணும் இருந்துச்சு. உயரமான ஊர்ல தண்ணி சீக்கிரமே கொதிச்சுடுமாம், ஆனா அந்தக் கொதியில சூடு கம்மியாம். அதனால போத்தலை வெந்நீர்ல கூட நேரம் வேக வைக்கணுமாம். அக்கா போன்ல நாங்க பாத்த வீடியோவுல அந்த அம்மா கடலோரத்துல இருந்துக்கிட்டு நேரம் சொல்றாங்க. அம்மாகிட்ட சொன்னேன். "அதான் நம்ம ஊர்ல பருப்பு இந்த அடம் பிடிக்குதா? நான் இத்தனை வருசமா பருப்பைத் திட்டிக்கிட்டு இருந்தேனே"ன்னு அம்மா பருப்பு டப்பாவையே ஒரு மாதிரி பாத்தாங்க. மன்னிப்புக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை. வெளிய மூடுபனி, உள்ள ஆவி, எது எதுன்னே தெரியலை. தக்காளி, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ரெண்டு ஏலக்காய். கரைஞ்சு கொதிக்கிறப்போ அந்தச் சிவப்பைப் பாக்கணுமே மாமா, விளக்கு போட்ட மாதிரி அம்மா முகத்துல அடிச்சுது. போத்தலையெல்லாம் வெந்நீர்ல சுட வச்சு, துணியில எடுத்து வச்சு, அம்மா ஊத்த ஊத்த நான் மூடினேன். வாய் வரைக்கும் ஊத்தக் கூடாது, ஒரு விரல் கனம் காலியா விடணும். அங்கதான் வித்தையே இருக்கு. சூட்டுல அந்தக் காலி இடத்துக் காத்து வெளிய ஓடிரும். ஆறும்போது உள்ள ஒண்ணுமே இருக்காது. அப்ப வெளிய இருக்கிற ஆகாசம், நம்ம தலைமேல இருக்கிறது பூரா, வந்து மூடிமேல உக்காந்து அழுத்தும். 'டிக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான், பூட்டு விழுந்துரும். ஒண்ணுமில்லாத இடம்தான் எல்லாத்தையும் பாதுகாக்குது! நான் இதை நினைச்சு ஒரு நாள் பூரா சேட்டை பண்ணாம இருந்தேன்னா பாத்துக்கோங்க. ஆனா தாய்மாமன் போத்தலாச்சேன்னு உங்களுக்குன்னு எடுத்து வச்சதுல மட்டும், அம்மா திரும்பின நேரம், பாசத்தால ஒரு கரண்டி கூடவே ஊத்திட்டேன். வாய் விளிம்பு வரைக்கும். நன்றி எல்லாம் வேணாம்.

வேக வச்சு எடுத்து, மேசையில துணி விரிச்சு, பன்னிரண்டையும் வரிசையா வச்சோம். பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு பட்டுரும்னு அம்மா மேசைக்கு முதுகைக் காட்டித் தரையில உக்காந்து பட்டாணி உரிக்க ஆரம்பிச்சாங்க. காதால மட்டும் கணக்கு. ஒரு 'டிக்' கேட்டா ஒரு பட்டாணியைத் தனிக் கிண்ணத்துல போடுவாங்க. பன்னிரண்டு சேந்தா வேலை முடிஞ்சுது. நான் மூலையில அரிசி டின் மேல உக்காந்திருந்தேன்.

முதல் 'டிக்' வந்தப்போ எனக்கு முதுகு சிலிர்த்துருச்சு. யாரும் தொடலை, எதுவும் அசையலை, ஆனா ஆகாசம் வந்து கதவைச் சாத்துது. அம்மா கை நின்னுச்சு. ஒரு பட்டாணி. கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு. அப்புறம் ரெண்டு சேந்தாப்ல. பத்து. பன்னிரண்டு. அம்மா பெருமூச்சு விட்டு எழுந்திருக்கப் போனாங்க. மறுபடியும் 'டிக்'!

அம்மா உக்காந்துட்டாங்க. அந்த நேரம் பாத்து செல்லம்மா அத்தை கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு ஜாம் ருசி பாக்க வந்தாங்க. அம்மா வாயில விரல் வச்சாங்க. அத்தையும் மூச்சு விடாம நின்னாங்க. 'டிக்'. 'டிக்'. கொஞ்ச நேரம் கழிச்சு, மெதுவா, இன்னொரு 'டிக்'.

"எத்தனை போத்தலு அக்கா?"

"பன்னெண்டு."

"பட்டாணி?"

அம்மா எண்ணினாங்க. அத்தை கிண்ணத்தைப் பிடுங்கி ரெண்டு தடவை எண்ணினாங்க. பதினாறு.

"ஆத்தா வந்து உக்காந்துட்டா அக்கா! பொண்ணு நிச்சயத்துக்கு ஆத்தா வந்து முத்திரை போட்டுட்டா!"ன்னு அத்தை கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அம்மா கண்ணுல பொலபொலன்னு தண்ணி. சூடம் வந்துச்சு, வேப்பிலை வந்துச்சு, லயன்ல பாதிப் பேரு வந்தாங்க. விக்கி அக்கா மட்டும் கும்பலுக்கு நடுவுல இருந்து என்னையே பாத்துக்கிட்டு, "டேய், இதுல உன் கை இருக்கா?"ன்னு கேட்டா. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன். காலி. "இதுல என் கை இல்லக்கா"ன்னு அந்தச் சூடத்து மேல சத்தியமே பண்ணேன்.

மறுநாள் ஒவ்வொரு மூடியோட நடுவுலயும் கட்டைவிரலால அழுத்திப் பாக்கணும், இறங்கி ஏறுனா பூட்டு விழலைன்னு அர்த்தம்னு வீடியோவுல சொல்லியிருந்தாங்க. அம்மா யாரையும் கிட்ட விடலை. "ஆத்தாவே பதினாறு தடவை சொல்லியாச்சு. அதுக்கு மேல என் கட்டைவிரல் என்ன சொல்லப் போகுது?"ன்னுட்டு, கழுத்துல மஞ்சள் நூல் கட்டி சாமி மேடைக்குக் கீழ அடுக்கிட்டாங்க. அக்காவும் கடைசில என் தலையில கை வச்சு, "பரவால்லடா, உருப்படியாத்தான் செஞ்சிருக்க"ன்னு சொன்னா. மாமா, அந்த ஒரு வரிக்காக இன்னும் நூறு போத்தல் மூடலாம்.

இப்ப அம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்ன கட்டளைகள். இந்தக் கடிதத்தோட வர்ற போத்தல் உங்களுடையது. அதை நீங்க உங்க வீட்டுச் சாமி மேடையில வைக்கணும். எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. அத்தை ரொட்டிக்குத் தொட்டுக்கக் கேட்டாலும் கூடாது. நிச்சயத்தன்னைக்கு அதைத் தாய்மாமன் சீர்த்தட்டுல நடுவுல வச்சு மலைக்குத் திருப்பிக் கொண்டு வரணும். எங்க வீட்டுல இருந்து போயி உங்க வீட்டுச் சீரா திரும்பி வருது, இதைக் கேக்கக் கூடாது, இதுதான் முறையாம். சபையில நீங்கதான் திறக்கணும். மூடி கழலுற அந்தச் சத்தத்தைச் சம்பந்தி அம்மா காதால கேக்கணும். முதல் கரண்டி அவங்க வாயில. அதோட பாசார் மாலாம் பேச்சு முடிஞ்சுது.

அத்தைக்கு என் வணக்கம். உங்க முழங்காலுக்கு என் அன்பு. ஆத்தா அருளும், அதுக்கு அடுத்தபடியா என் திறமையும் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஆகாசத்தையே மூடிமேல உக்கார வைத்த,
தங்கள் மருமகன்
ஷர்வின்

பி.கு.: மாமா, இதைக் காய்கறி லோரியோட முன்பக்கத்துல வச்சு எழுதுறேன். எழுத்து ஆடுறது இஞ்சினாலதான், பயத்தால இல்ல. கொஞ்சம் பயத்தாலயும்தான். மேல எழுதினதையெல்லாம் மறந்துருங்க. போத்தலை வாங்கின உடனே திறந்துருங்க!

விசயம் என்னன்னா, போத்தலைக் காகிதத்துல சுத்தி லோரிக்கார அண்ணன்கிட்ட கொடுக்கும்போது, என் கட்டைவிரல் மூடி நடுவுல பட்டுருச்சு. 'டிக்'னு இறங்கிச்சு, 'டிக்'னு ஏறிச்சு. உங்க போத்தல் பூட்டவே இல்ல மாமா. அந்தப் பாசக் கரண்டிதான் வினை. காலி இடத்தை நான் நிரப்பிட்டேன், ஆகாசம் உக்கார இடமில்லாமத் திரும்பிப் போயிருச்சு. தை மாசம் வரைக்கும் வச்சிருந்து சபையில திறந்தா, ஜாமுக்குப் பதிலா சம்பந்தி அம்மாவுக்குப் பூஞ்சைதான். அம்மா பக்கத்துலயே கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாங்க. எப்படிச் சொல்லுவேன்?

அதுக்கும் மேல ஒண்ணு. அக்காகிட்ட என் கை இல்லன்னுதான் சத்தியம் பண்ணேன். கால் இருந்துச்சு. செல்லம்மா அத்தை கொடுத்த காப்பிப் போத்தல்ல ஒரு மூடி நடுவுல மிதிச்சா அச்சா அதே சத்தம் வரும். அதைக் குளிருக்குப் போட்டிருந்த வீட்டுச் செருப்புக்கும் குதிகாலுக்கும் நடுவுல வச்சிருந்தேன். சும்மா அம்மாவை ஒரு பட்டாணி ஏமாத்தலாம்னுதான் ஆரம்பிச்சேன். நாலாவதோட கால் மரத்துப் போயி நிறுத்திட்டேன். அதுக்குள்ள சூடம் வந்துருச்சு. சூடம் எரியும்போது சேட்டைன்னு எப்படி மாமா சொல்றது?

அதனால தயவுசெஞ்சு மோந்து பாருங்க. வாசம் மாறியிருந்தா தூக்கிப் போடுங்க, நல்லா இருந்தா ஐஸ் பெட்டியில வச்சு நீங்களும் அத்தையும் சீக்கிரம் தின்னு முடிங்க. அந்த மஞ்சள் நூலை மட்டும் பத்திரமா வைங்க. கொல்லையில கடைசிக் கொடியில இன்னும் காய் இருக்கு, கடையில வாங்கின போத்தல்ல ஒண்ணு மூடியோட மிச்சம் இருக்கு. நான் இன்னொரு போத்தல் போடுறேன். ஒரு விரல் காலி விட்டு, கட்டைவிரலால அழுத்திப் பாத்து. நிச்சயத்தன்னைக்குச் சபைக்கு முன்னாடி சீர்த்தட்டை நம்ம லயன் கோயில் பின்பக்கம் கொண்டு வாங்க, மாத்திக்கலாம். மத்த பதினொண்ணையும் இன்னைக்குக் காலையிலேயே சாமி கும்பிடுற சாக்குல ஒண்ணொண்ணா அழுத்திப் பாத்துட்டேன், எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. உங்களதை மட்டும் அம்மா முன்னாடியே பையில போட்டுட்டாங்க.

லோரிக்கார அண்ணன் ஹோர்ன் அடிக்கிறார். ஒரு நிமிசம். இப்பத்தான் கணக்குப் போட்டுப் பாக்குறேன். பூட்டினது பதினொண்ணு, அப்ப பதினோரு சத்தம். நான் மிதிச்சது நாலு. பதினஞ்சு. செல்லம்மா அத்தை ரெண்டு தடவை எண்ணினாங்க, பட்டாணி பதினாறு.

மாமா, அந்தக் கடைசி 'டிக்', மெதுவா வந்துச்சே, அப்ப என் கால் மரத்துக் கிடந்துச்சு. அது நான் இல்ல.

நான் போயி கால் கழுவிட்டு சாமி மேடை முன்னாடி விழப் போறேன். இந்த மலையிலேயே தலைசிறந்த போத்தல் நிபுணர்னு மேல ஒரு வரி எழுதியிருக்கேன், அதை நீங்களே அடிச்சுருங்க.